நாற்பதாயிரம் போட்டோக்களை அடுக்காமல் இருப்பது எப்படி?

வீட்டிலுள்ள போட்டோக்களை எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைக்கவேண்டும் என்ற ஆசை உங்களுக்கு வந்துவிட்டது. பதற வேண்டாம். இந்த ஆசையைப் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்து, ஒரு போட்டோவைக்கூட நகர்த்தாமல் காலம் தள்ள வழி இருக்கிறது. முதல் வேலையாக நல்ல மென்பொருள் ஒன்றைத் தேடத் தொடங்குங்கள். கிடைக்கும்வரை போட்டோக்களைத் தொட வேண்டியதில்லை. யார் கேட்டாலும் "எதில் போடுவது என்றே இன்னும் முடிவாகவில்லை" என்று சொல்லிவிடலாம். மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது.

சிலர் அவசரப்பட்டு, மொத்தம் என்னென்ன இருக்கிறது என்று முதலில் எடுத்துப் பார்த்துவிடுவார்கள். பார்த்தால் வம்பு. பீரோவில் துணிக்கு அடியில் இரண்டு ஹார்ட் டிஸ்க் இருக்கும். அதில் ஒன்று, செருகினால் டிக் டிக் என்று சத்தம் போடுமே தவிர திறக்காது. அண்ணன் கல்யாணத்துக்கு போட்டோகிராபர் கொடுத்த பென் டிரைவ், கரிஷ்மா ஆல்பத்தின் பெட்டிக்குள் கிடக்கும். 2006, 2007 வாக்கில் எழுதிய சி.டி.கள் ஜிப் வைத்த பையில் இருக்கும். போட்டுப் பார்க்க டிரைவ் உள்ள கம்ப்யூட்டர்தான் வீட்டில் இருக்காது. பேட்டரி உப்பிப்போன பழைய போன்கள் வேறு. கூகுள் கணக்கு இரண்டு. அதில் ஒன்றின் பாஸ்வேர்டு, அதைத் தொடங்கிக் கொடுத்த மச்சானுக்கே மறந்துபோயிருக்கும்.

உள்ளே திறந்தால் இன்னும் மோசம். கல்யாண மேடைக்கு வரிசையில் வந்து நின்றவர்கள் மட்டும் எழுநூறு படம். அதில் பாதிப் பேர் யாரென்று மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியாது, பெண் வீட்டாருக்கும் தெரியாது. இவர்கள் அழைத்தவர் என்று அவர்களும், அவர்கள் அழைத்தவர் என்று இவர்களும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். கேக் வெட்டும் குழந்தை, ஒரே நொடியில் பதினான்கு தடவை. ஈ.பி. மீட்டர் ரீடிங். ரேஷன் அட்டை முன்பக்கம், பின்பக்கம், கை நடுங்கிய பின்பக்கம். ஜிபே ஸ்கிரீன்ஷாட். அம்மாவின் சர்க்கரை ரிப்போர்ட். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். ரோஜாப்பூவோடு வந்த குட்மார்னிங்குகள், எல்லா ஆண்டுக்குமாக.

ஒரு படத்துக்குப் பத்து விநாடி ஒதுக்கினால்கூட நாற்பதாயிரத்துக்கு 111 மணி நேரம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் 56 வாரம். இந்தக் கணக்கு தெரிந்த பிறகு யாருக்கு மனசு வரும்? ஆகவே பார்க்காதீர்கள். மென்பொருளைத் தேடுங்கள்.

தேடுவதற்கு ஓர் எக்செல் அட்டவணை அவசியம். மேல் வரிசையில் மென்பொருள்களின் பெயர், பக்கவாட்டில் வசதிகள். ரா கோப்பைத் திறக்குமா, எந்த ஊரில் எடுத்தது என்று மேப்பில் காட்டுமா, லென்ஸ் வாரியாகப் பிரிக்குமா, வண்ண லேபிள் எத்தனை, எஃப்/2.8 வைத்து எடுத்த படங்களை மட்டும் தனியே தருமா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். "அந்த எஃப்/2.8 படத்தைக் காட்டுப்பா" என்று எந்தப் பாட்டியும் கேட்டதில்லைதான், இருந்தாலும் இருக்கட்டும். அட்டவணையை நிரப்ப யூடியூபில் ஒப்பீட்டு வீடியோக்கள் ஏராளம். எல்லாரும் ஐஸ்லாந்து அருவிகளை வைத்துத்தான் விளக்குவார்கள். பந்தியில் இலை போட்டு ரசம் ஊற்றும் படம் இருநூறை எப்படிக் கழிப்பது என்று எந்த வீடியோவும் சொல்லாது. அதனால் உங்கள் ஆராய்ச்சிக்கு ஒருபோதும் முடிவு வராது. நமக்கு வேண்டியதும் அதுதானே.

ஒருவேளை தவறிப்போய் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைமை வந்தால்? வரன் பார்க்கும்போது ஜாதகத்தில் ஆயுள் பாவத்தைப் பார்ப்பதுபோல இதற்கும் பார்க்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பார்க்க ஆரம்பித்தால் மனசு உடைந்துவிடும். பிக்காசாவைக் கூகுள் 2004இல் வாங்கி இலவசமாகக் கொடுத்தது. நம் ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருந்த பாதிப் பேர் அதில்தான் போட்டோ பார்த்தார்கள். 2016 மார்ச்சில் அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டார்கள். ஆப்பிளின் அபர்ச்சர் 2005இல் வந்தது. தொழில்முறைப் போட்டோகிராபர்கள் பணம் கொடுத்து வாங்கி, ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அடுக்கினார்கள். 2014இல் இனி வளர்க்கப்போவதில்லை என்று ஆப்பிள் அறிவித்தது. 2019இல் வந்த மேக் இயங்குதளத்தில் அது திறக்கவே இல்லை. மைக்ரோசாஃப்டின் போட்டோ கேலரி 2017 ஜனவரியில் முடிந்தது. கோடாக் நடத்திய இணைய ஆல்பம் 2012இல் மூடப்பட்டது.

ஃபிளிக்கர் என்ற போட்டோ இணையதளத்தின் கதை தனி. 2013இல் ஆளுக்கு ஒரு டெராபைட் இலவசம் என்றார்கள். ஊரே ஏற்றியது. 2018இல் நிறுவனம் கைமாறியது. இலவசக் கணக்குக்கு இனி ஆயிரம் படம்தான், மிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் அழிப்போம் என்று புதியவர்கள் சொல்லிவிட்டார்கள். கூகுள் போட்டோஸ் 2015இல் வந்தபோது, கொஞ்சம் சுருக்கிச் சேமிக்கச் சம்மதித்தால் எத்தனை வேண்டுமானாலும் இலவசம் என்றது. 2021 ஜூன் முதல் அதுவும் போயிற்று. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. தீபாவளி வீடியோ நான்கு வந்தால் 'இடம் நிறைந்துவிட்டது, மெயில் வராது' என்று மிரட்டுகிறது. இத்தனைக்கும் நடுவில், 1992இல் வந்த ஜேபெக் கோப்பும், எந்த நாள் எந்த நேரம் எடுத்தது என்று கேமரா அதற்குள்ளேயே எழுதிவைக்கும் எக்ஸிஃப் என்ற 1995ஆம் ஆண்டு ஏற்பாடும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. இதை எல்லாம் யோசித்தால் மென்பொருள் தேடும் உற்சாகம் குறைந்துவிடும். யோசிக்காதீர்கள்.

சரி, ஒன்றை நிறுவியாகிவிட்டது. இனி எப்படி வேலை செய்தால் உழைப்பு முழுவதும் வீணாகும் என்று பார்ப்போம். நீங்கள் கொடுக்கும் பெயர், நட்சத்திரம், குறிப்பு எல்லாவற்றையும் மென்பொருள் இரண்டு இடத்தில் எழுதலாம். ஒன்று, படத்தின் கோப்புக்குள்ளேயே. மற்றது, தன் சொந்தக் கணக்குப் புத்தகத்தில். நீங்கள் எப்போதும் இரண்டாவதையே விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிக்காசா, படத்தில் செய்த திருத்தங்களை ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு குட்டி ஐஎன்ஐ கோப்பில் எழுதிவைத்தது. அது என்னவோ குப்பை என்று நினைத்து அழித்தவர்கள் பலர். லைட்ரூம் என்ற மென்பொருள் தன் கேட்டலாக் கோப்பில் வைத்துக்கொள்ளும். கோப்புக்குள்ளும் எழுது என்று அமைப்பில் ஒரு கட்டத்தை டிக் செய்யலாம், ஆனால் வரும்போது அது டிக் இல்லாமல்தான் வரும். கூகுளிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப இறக்கினால் ஜிப் ஜிப்பாக வரும். படம் ஒரு கோப்பு, நீங்கள் எழுதிய குறிப்பும் திருத்திய தேதியும் பக்கத்தில் ஜேசன் என்று இன்னொரு கோப்பு. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுவது உங்கள் பாடு.

அடுத்தது இரட்டைப் பிறவிகள். கேமரா 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி 0001இலிருந்து தொடங்கும். ஆகவே ஒரே பெயரில் கொடைக்கானலும் இருக்கும், சீமந்தமும் இருக்கும். ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். வாட்ஸ்அப் இதற்கு நேர்மாறு, ஒரே படம் பல பெயரில் வரும். நீங்கள் எடுத்தது கேமரா ஃபோல்டரில், நீங்கள் அனுப்பியது சென்ட் ஃபோல்டரில், அதையே சித்தி குடும்பக் குழுவில் போட்டு உங்களுக்கே திரும்பி வந்தது மூன்றாவது இடத்தில். திரும்பி வந்தது சுருங்கியிருக்கும். எடுத்த தேதியும் அதற்குள் இருக்காது. பெயரில் உள்ள 20190114 படம் எடுத்த நாள் அல்ல, உங்கள் போனுக்கு வந்த நாள். இதை நம்பி வரிசைப்படுத்தினால், 1978இல் எடுத்த தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம் 2019 பொங்கலில் வந்து உட்காரும். ஸ்கேன் செய்த படமும் அப்படியே. ஸ்கேன் செய்த நாளில்தான் தாத்தா பிறப்பார்.

இரட்டைகளைக் கண்டுபிடித்து அழிக்க மென்பொருளிலேயே வசதி உண்டு. கண்டுபிடிப்பது வரை செய்துகொள்ளுங்கள். 'ஆறாயிரம் படம் இரட்டை, அழிக்கட்டுமா?' என்று கேட்கும். அப்போது விரலை எடுத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். தமிழ் வீட்டில் பிளாஸ்டிக் டப்பாவைக்கூட யாரும் தூக்கிப் போடுவதில்லை.

நேரக் கணக்கு தனிச் சுவை. சிங்கப்பூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்த மாமா நல்ல கேமரா வைத்திருப்பார். கடிகாரத்தை மட்டும் மாற்றியிருக்க மாட்டார். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். காலை 6.45க்குத் தாலி ஏறியது. அவர் கேமராவில் 9.15. எல்லாரும் எடுத்ததை ஒன்றாகச் சேர்த்து நேரப்படி அடுக்கினால் என்ன ஆகும்? நம் கேமராவில் தாலி ஏறுகிறது, பந்தி நடக்கிறது, இட்லி பொங்கல் எல்லாம் முடிந்து கை கழுவுகிறார்கள், அப்புறம் மாமாவின் கேமராவில் மறுபடியும் தாலி ஏறுகிறது. மொத்தப் படங்களையும் ஒரே அடியாக இரண்டரை மணி நேரம் பின்னுக்கு நகர்த்தும் வசதி டிஜிகேம் என்ற மென்பொருளிலும் இருக்கிறது, லைட்ரூமிலும் இருக்கிறது. ஐந்து நிமிஷ வேலை. நீங்கள் செய்ய வேண்டாம். ஒவ்வொரு படமாகக் கையால் இழுத்து வைத்துப் பழகுங்கள்.

பெயர் வைக்கும் கட்டத்துக்கு வருவோம். உறவுமுறையைக் குறிச்சொல்லாகப் போடுங்கள், குழப்பத்துக்கு உத்தரவாதம். 'அம்மா' என்று நீங்கள் போடுவது உங்கள் அம்மா. உங்கள் மனைவி போடுவது அவருடைய அம்மா. பையன் போடுவது உங்கள் மனைவி. 'மாமா' என்று தேடினால் மண்டபத்தில் பாதி வந்து நிற்கும். ஊர்ப் பெயர் சேர்த்து 'மதுரை மாமா' என்றும் வைக்கலாம். அவர் மாற்றலாகிக் கோயம்புத்தூர் போய்விடுவார்.

முகத்தை அடையாளம் கண்டு தானே பிரிக்கும் வசதி இப்போது பல மென்பொருளில் இருக்கிறது. கெட்டிக்கார வசதிதான், குறை சொல்ல மனசில்லை. ஆனால் அதுவும் நம் ஊருக்கு வந்தால் திணறத்தான் செய்கிறது. கோயிலுக்குப் போய்வந்த படங்களைக் கொடுத்தால், தூணில் நிற்கும் துவாரபாலகரைக் காட்டி இவர் யார், பெயர் சொல்லுங்கள் என்கிறது. தெருவில் எடுத்த படத்தில் பின்னாலிருக்கும் கட்-அவுட் தலைவர் உங்கள் குடும்பத்தில் ஒருவராகச் சேர்ந்துவிடுவார். மேக்கப் போட்ட மணப்பெண் தனி ஆள், மறுநாள் முகம் கழுவியவர் தனி ஆள். மொட்டை போட்ட குழந்தை மூன்றாவது ஆள். அக்கா தங்கையை ஒரே ஆளாகச் சேர்த்து, இருவரிடமும் உங்களுக்குத் திட்டு வாங்கித் தரும். 'இது அவரேதானா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பத்துக்குப் பதில் சொல்லிவிட்டு மூடிவிடுவீர்கள். பெயர் இல்லாத வட்ட வட்ட முகங்களாக அப்படியே நிற்கும்.

இதுவரை சொன்னபடி எல்லாம் நடந்தால், நீங்கள் தயார். பரீட்சை ஒருநாள் இரவு பத்து மணிக்கு வரும். பெரியப்பா காலமாகிவிட்டார். அண்ணன் போன் செய்வார்.

"தம்பி, அப்பா போட்டோ நல்லதா ஒண்ணு அனுப்பு. ஃபிளெக்ஸ் கடைக்காரர் காத்துக்கிட்டு இருக்காரு."

"குடும்பக் குரூப்புல ஒண்ணு இருக்குமேண்ணே."

"அது வேணாங்கிறாரு. பெருசு பண்ணா உடையுதாம். ஒரிஜினலை டாக்குமெண்டா அனுப்பச் சொல்றாரு. காதுகுத்துல சிரிச்ச மாதிரி இருப்பாருல்ல, நீதானே எடுத்த?"

நீங்கள்தான் எடுத்தீர்கள். நாற்பதாயிரத்தில் அது இருக்கிறது. மென்பொருளைத் திறந்து 'பெரியப்பா' என்று தட்டினால் இன்னொரு பெரியப்பா வருவார். காதுகுத்து எந்த ஆண்டு என்று யாருக்கும் நினைவில்லை. பையனுக்கு அப்போது மூன்றா, ஐந்தா என்று வீட்டில் விவாதம் நடக்கும். எஃப்/2.8 வசதி அங்கேயே இருக்கும், அதனால் இந்த நேரத்தில் ஒரு பிரயோஜனமும் இல்லை. பதினொன்றரைக்குக் கடைக்காரர் பொறுமை இழந்து, கிடைத்ததை வைத்து முடித்துவிடுவார். குரூப் போட்டோவிலிருந்து வெட்டி, தோளில் கிடந்த யாருடைய கையையோ அழித்து, வேட்டி துண்டைத் தவிர வேறு உடுத்தாத மனிதருக்குக் கோட்டு மாட்டி, பின்னால் நீல வானம் வைத்து. காலையில் தெருமுனையில் பார்ப்பவர்கள் பெயரைப் படித்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்வார்கள். பதினாறாம் நாள் படத்திறப்புக்கும் அதே படம்தான்.

மென்பொருளை மதிப்பிட எனக்குத் தெரிந்து இந்த ஒரு சோதனைதான் உண்டு. வீட்டில் யாருடைய பெயரைச் சொன்னாலும் அவருடைய தெளிவான, சுருக்கப்படாத படம் ஒன்றைப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுக்க முடிகிறதா? முடிந்தால் உங்கள் மென்பொருள் நல்ல மென்பொருள், அது வெறும் ஃபோல்டராகவே இருந்தாலும் சரி. அட்டவணையில் மற்ற வரிசைகளை எல்லாம் அழித்துவிடலாம்.

கேலியை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன். பெயரும் குறிப்பும் கோப்புக்குள்ளேயே போகவேண்டும், இலவசமாகவும் வேண்டும் என்றால் டிஜிகேம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முதல் முறை திறக்கும்போதே தகவலைக் கோப்பில் எழுதட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லுங்கள். தோற்றம் கொஞ்சம் கரடுமுரடு. பழகிக்கொள்ளலாம். ரா எடுத்து வண்ணம் திருத்துகிறவர்களுக்கு லைட்ரூம், மாதாமாதம் கட்டச் சம்மதம் என்றால். ஒருநாளும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப்போவதில்லை என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்திருந்தால், போனில் வரும் கூகுள் போட்டோஸோ ஆப்பிள் போட்டோஸோ போதும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே சர்வர் வைத்து இம்மிச் என்ற போட்டோ மென்பொருளை ஓட்டுகிறேன் என்று பையன் சொன்னால் தாராளமாக விடுங்கள், அவன் வேலை கிடைத்து வெளியூர் போகும்வரை நன்றாக ஓடும்.

எதை எடுத்தாலும் ஃபோல்டர் பெயரில் ஆண்டு, மாதம், நாள், விசேஷம், ஊர் என்று எழுதிவிடுங்கள். '2012-05-27 காதுகுத்து பழனி' என்றால் எந்த மென்பொருள் செத்தாலும் அது படிக்கும்படி இருக்கும். படங்கள் தொலையாமல் இருக்க, பீட்டர் குரோ என்ற போட்டோகிராபர் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகையான சாதனத்தில், ஒன்று வேறு வீட்டில். வேறு வீட்டுக்கு அக்கா வீடு போதும்.

நாற்பதாயிரத்தையும் அடுக்க வேண்டியதில்லை. ஆளுக்கு நல்ல படம் ஐந்து, விசேஷத்துக்கு இருபது என்று பொறுக்கி, பெயர் எழுதினால் போதும், மிச்சம் கிடக்கட்டும். பழைய படங்களில் இருப்பவர்கள் யார் யார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் உங்கள் வீட்டில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள், அவர்களுக்கும் எழுபது எண்பது ஆகியிருக்கும். மென்பொருளை அடுத்த ஆண்டு தேர்ந்தெடுக்கலாம். அத்தையிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே லேப்டாப்பைக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு உட்காருங்கள். அத்தை சொல்லும் வேகத்துக்கு டைப் அடிக்க முடியாது.